விளக்கை அணைத்த பிறகு

ஓப்பநாயக்கத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாளாக மழை விடவில்லை. மேனகா வீட்டுக் குளியலறைச் சுவரெல்லாம் பூஞ்சணம் கறுத்துக் கிடந்தது. அங்கே குளித்துவிட்டு வந்தாலே அவள் கணவன் புவனேந்திரனுக்கு மூச்சு இழுக்கும். வயரிங் வேலை படித்திருந்த மேனகா, ஈரக்காற்றை வெளியே தள்ளும், டைமர் வைத்த காற்றாடி ஒன்றை வாங்கி வந்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தானே சுவரில் பொருத்தினாள்.

லைட்டைப் போட்டதும் காற்றாடி சுற்றியது. லைட்டை அணைத்ததும் அதுவும் நின்றுவிட்டது.

"லைட்ட அணைச்ச பொறகும் பதினஞ்சு நிமிஷம் ஓடும்னு சொன்னியே?" என்றான் புவனேந்திரன்.

மேனகா ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தாள். லைட் சுவிட்சிலிருந்து மட்டும்தான் கரண்ட் எடுத்திருந்தாள். அதை அணைத்துவிட்டால் டைமர் எதைக் கொண்டு ஓடும்? மறுபடி மெயினை அணைத்து, எந்நேரமும் கரண்ட் இருக்கிற வயர் ஒன்றையும் சேர்த்து இழுத்துக் கொடுத்தாள்.

"இப்ப போய் சுடுதண்ணில குளிங்க."

குளித்து முடித்துக் கதவைத் திறந்தவன் லைட்டை அணைத்தான். காற்றாடி நிற்கவில்லை. மழைப் பகலின் மங்கிய வெளிச்சத்தில் நீராவி மெல்ல எழுந்து, வெள்ளை இழையாக நீண்டு, வெளியே மலையில் தவழ்ந்த பனிமூட்டத்தைத் தேடிப் போவதுபோல் போய்க்கொண்டிருந்தது. மேனகா அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். இழுப்பு இல்லை. மூச்சு சீராக ஏறி இறங்கியது.

"நின்னுருச்சா?" என்றான் அவன், வெகுநேரம் கழித்து.

காற்றாடி எப்போது நின்றதென்று அவளுக்கும் தெரியவில்லை.