கரும்புள்ளி

ராணுவ முகாமில் லாரி ஓட்டும் டிரைவருக்கு ஒருவழியாக நீண்ட சேவைப் பதக்கம் வந்துவிட்டது. கூடச் சேர்ந்தவர்களெல்லாம் அதை எப்போதோ வாங்கி, துடைத்துத் துடைத்து அலுத்தும் போய்விட்டார்கள். இவருக்கு மட்டும் ஏன் தாமதம் என்றால், பதிவில் ஒரு கரும்புள்ளி. ஒரு முறை லீவு முடிந்தும் இரண்டு வாரம் திரும்பி வரவில்லை. புள்ளி விழுந்துவிட்டால் அதுவரை பார்த்த வேலை பதக்கத்துக்குச் சேராது. நன்னடத்தை வருடங்களை மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள். ஏன் வரவில்லை என்று அப்போது யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மனைவிக்குத்தான் கவலை. பதக்கம் மாட்டப்போகிற தளபதி முன்கோபி. போன வருடம் ஒருவர் ஏடாகூடமாகப் பதில் சொன்னதற்குப் பதக்கத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போன மனுஷர். புள்ளியைப் பற்றி நிச்சயம் கேட்பார் என்று கிளார்க் வேறு பற்ற வைத்திருந்தார்.

"கேட்டா, சின்ன வயசு, தெரியாம செஞ்சுட்டேன்னு சொல்லிடுங்க. உங்க வாய் சும்மா இருக்காது," என்றாள், சட்டையில் பதக்கக் கொக்கியைத் தைத்துக்கொண்டே.

"லாரிய ரிவர்ஸ்ல எடுக்கும்போதே நான் தடுமாறினதில்ல. இதுல தடுமாறுவேனா?"

"அதான் பயமா இருக்கு."

மைதானத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. மூன்றாவது வரிசையில் மனைவியும் மகளும். மகளைப் பிறந்த நாளிலிருந்து அவர் 'புள்ளி' என்றுதான் கூப்பிடுவார். கன்னத்து மச்சத்தால் வந்த பெயர் என்று அவளும் நினைத்திருந்தாள், முகாமும் நினைத்திருந்தது.

தளபதி பதக்கத்தைக் கையில் எடுத்தார். ஆனால் மாட்டவில்லை.

"நல்ல சர்வீஸ். நடுவுல எதுக்குய்யா ஒரு கரும்புள்ளி?"

சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனிவரை வந்தது. எதிரே மைக் வேறு. மகள் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தப்பு என்று இவள் எதிரிலா சொல்வது? பதக்கம் போனால் போகட்டும்.

"பிரசவம் சிக்கலாயிடுச்சு சார். டாக்டரே கைய விரிச்சுட்டார். ரெண்டு உசுரையும் அப்படியே விட்டுட்டு வர மனசு வரல. அந்தப் புள்ளிதான் சார், அதோ மூணாவது வரிசையில நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கு."

மைதானமே திரும்பிப் பார்த்தது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கையாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப வருத்தமே இல்ல?"

"துளிகூட இல்ல சார். மறுபடி லீவு குடுத்தாலும் அதையேதான் செய்வேன்."

தளபதியின் மீசை லேசாகத் துடித்தது.

"குடுத்தாத்தானே," என்று முணுமுணுத்தபடி பதக்கத்தைக் கொக்கியில் மாட்டினார்.

கூட்டம் கலைந்ததும் மகள் ஓடி வந்தாள். பதக்கத்தை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கன்னத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"அப்ப இந்த மச்சத்துக்காக இல்லையாப்பா?"

"மச்சத்த நான் அப்புறம்தாம்மா பார்த்தேன்," என்றார்.