அண்ணன் வண்டிக்கும் அதே தடுப்பு

சிப்பிப் படகிலிருந்து இறங்கிய ஈர பூட்சோடு வந்து, கோசிமா சிவப்பு வெள்ளைத் தடுப்பைத் தெருவின் குறுக்கே இழுத்துப் போட்டாள். மஞ்சள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டாள். கடலில் சிப்பி வளரும் கயிறுகளை இழுத்துக் காய்த்துப்போன கைகளுக்கு அந்தத் தடுப்பெல்லாம் ஒரு கனமே இல்லை.

பள்ளிக்கூடம் தொடங்கும்போதும் விடும்போதும் இந்தத் தெருவில் வண்டி நுழையக் கூடாது. இத்தாலியின் டாரன்டோ நகராட்சி சோதனைக்கென்று ஒரு மாதம் கொடுத்திருந்தது. ஒரு வண்டி உள்ளே போனாலும் தடுப்பை எடுத்துவிடுவோம் என்று சொல்லியே கொடுத்தார்கள். இன்று கடைசி நாள்; இதுவரை ஒரு வண்டியும் நுழையவில்லை.

தடுப்பை எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் காரின் நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டால் போதும், நடுத்தெருவும் நிறுத்துமிடமாகிவிடும். பாதிரியாரே அப்படித்தான் நிறுத்துவார். போன வசந்தத்தில் அப்படி மினுக்கிக்கொண்டு நின்ற கார் ஒன்று திடீரென்று பின்னால் வந்ததில் அவள் மகன் எஜீடியோவின் கால் உடைந்தது. அப்போது அவள் கடலில் இருந்தாள்.

முனையில் இருந்த காப்பிக் கடைக்காரன் பினூச்சோ வாசலுக்கு வந்து நின்றான்.

"கோசிமா, இன்னிக்கு உங்கண்ணன்தான் பொண்ணைக் கொண்டுவர்றாராம். இப்பவே தொறந்து வச்சிரு, அப்புறம் சிரமப்படாத."

கடைக்குள் சிரித்தார்கள். அவர்கள் காத்திருந்ததே இதற்குத்தான்.

அண்ணன் கத்தால்டோவின் சிறிய லாரி சிப்பி மூட்டைகளோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தது. பக்கத்து இருக்கையில் அவன் மகள் இலாரியா; இந்த மாதம் அவளைப் பள்ளிக்கு அவன் கொண்டுவருவது இதுவே முதல்முறை. தடுப்பு முன்னால் நின்றதுமே நான்கு விளக்குகளும் மினுக்கத் தொடங்கின.

"தள்ளு அதை. சந்தைக்கு நேரமாச்சு. ரெண்டே நிமிஷம்."

"பிள்ளைய நடத்திக் கூட்டிட்டுப் போண்ணே."

"யாருகிட்டடி பேசுற? உனக்கு ரொட்டி எந்தப் படகுலேர்ந்து வருது?"

"உன் படகுலேர்ந்துதான். நான் கயிறு இழுக்கிறதாலதான்."

"அப்படியா. நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

காப்பிக் கடையில் சத்தம் அடங்கியது. இந்த ஊரில் ஒரு பொம்பளையைப் படகில் ஏற்ற வேறு ஆள் கிடையாது. ஆனாலும் கோசிமா இரண்டு கைகளையும் தடுப்பின் மேல் வைத்து நின்றாள்.

"பெரிய வெள்ளி ஊர்வலத்துல முகமூடி போட்டுக்கிட்டு, வெறுங்காலோட, சொரூபத்தைத் தோள்ல தூக்கிட்டு ஆடி ஆடி வர்றியே. ஒரு தெருவைக் கடக்க உனக்குப் பாதி ராத்திரி ஆகுது. எவனாவது ஹாரன் அடிச்சிருக்கானா?"

"அது சாமி காரியம்."

"இது எம்புள்ள காரியம். உம்பொண்ணு காரியமும்தான். ஊரே காத்துக் கெடக்க மெதுவா நடந்த குடும்பம்தானே நாம? நடண்ணே."

கடையில் மறுபடி சிரித்தார்கள். இந்தமுறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது. இலாரியா அதற்குள் புத்தகப் பையோடு கீழே குதித்துவிட்டாள். கத்தால்டோ வாய்க்குள் எதையோ திட்டிக்கொண்டே லாரியைப் பின்னால் எடுத்துக் கடலோரம் விட்டுவிட்டு வந்தான். மகள் கையைப் பிடித்துக்கொண்டு தடுப்பைத் தாண்டிப் போனான். தங்கையைப் பார்க்கவில்லை.

தெரு முழுக்கப் பிள்ளைகள். ஒருத்தன் பந்தை உதைத்துக்கொண்டு போனான். எஜீடியோ நடுத்தெருவின் வெள்ளைக் கோட்டின் மேல், கைகளை விரித்தபடி, ஊர்வலத்தில் மாமன் ஆடுவதுபோல் லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தான். ஒருமுறைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் விட்டுப்போயிருந்தது. அதைப் பார்த்த கோசிமாவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

கத்தால்டோ திரும்பி வரும்போது வெள்ளி நிறக் கார் ஒன்று விளக்குகள் மினுக்க வந்து தடுப்பை முட்டுவதுபோல் நின்றது. கழுத்துப்பட்டை கட்டிய ஆள் தலையை நீட்டினான்.

"ரெண்டே நிமி..."

கத்தால்டோ பானெட்டில் ஓங்கித் தட்டினான்.

"நானே நடந்து போயிட்டு வர்றேன். உன் கால் என்ன கண்ணாடியா? பின்னால எடு."

கார் பின்வாங்கியது. பள்ளி மணி அடித்தது. கத்தால்டோ தடுப்பின் ஒரு முனையைத் தூக்கி, அவளோடு சேர்ந்து ஓரத்துக்கு நகர்த்தினான்.

"நாளைக்குக் கயிறு நெறைய கெடக்கு. தூங்கிடாத."

"வர வேணாம்னு சொன்ன?"

"சந்தைக்கு நேரமாச்சுன்னும்தான் சொன்னேன். நடந்துட்டு வரலையா?"

அவன் லாரிக்குப் போனான். கோசிமா தடுப்பை ஓரமாகச் சாய்த்து வைத்தாள். அவசரப்படவில்லை. பினூச்சோ நன்றாகப் பார்க்கட்டும். மதியம் பள்ளி விடும்போதும் அவள்தான் வந்து போடப்போகிறாள்.