ஊதா ஆரஞ்சுக் கயிறு

எந்தப் பையனையும் நான் முதலில் நம்புவதில்லை. பன்னிரண்டு வருடமாகப் பள்ளி வாசலில் நிற்கிறவன் நான். நம்பி ஏமாந்த கதைகள் என்னிடம் ஏராளம். தாவரவியல் எடுப்பதெல்லாம் எனக்கு இரண்டாவது வேலை. காலை எட்டே முக்காலுக்கு ஒரு கையில் சீப்பும் இன்னொரு கையில் சின்னக் கத்தரிக்கோலுமாக கேட்டில் நிற்பதுதான் முதல் வேலை. காதோரம் வழித்துவிட்டு உச்சியில் மட்டும் வளர்த்து வருகிறவன், கணுக்கால் தெரிய பேன்ட்டைப் பிடித்துத் தைத்தவன், சட்டையை வெளியே விட்டவன், காப்பு போட்டவன், எல்லாரும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கேட்டால் பதில் தயாராக இருக்கும். முடி வெட்டாதவனுக்குக் கோயில் வேண்டுதல், தாடிக்காரனுக்கு முகத்தில் அலர்ஜி. ஒரே மாதத்தில் மூன்று பெரியப்பாக்களைச் சாகடித்தவனும் உண்டு.

கயிறு விஷயத்தில் மட்டும் எனக்கு விளையாட்டே கிடையாது. எங்கள் பள்ளி கீரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். போன வருடம் இரண்டு தெருப் பையன்கள் ஆளுக்கொரு நிறத்தில் சாதிக் கயிறு கட்டி வந்து, மைதானத்தில் மண்வெட்டிப் பிடியால் அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்குத் தலையில் எட்டுத் தையல். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். அன்றிலிருந்து எந்த நிறம் எந்தத் தெரு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, பதினோராம் வகுப்பு அர்ஷத்தின் இடது மணிக்கட்டில் ஒரு கயிறு. ஊதாவும் ஆரஞ்சும் முறுக்கியது. அடுத்து வந்த ராக்கன் கையிலும் அதே கயிறு. பத்து நிமிடம் கழித்து வந்த அய்யப்பன் கையிலும் அதே. அந்த நிறச் சேர்க்கை எனக்குத் தெரிந்த எந்தக் கொடியிலும் இல்லை. தெரிந்த கயிறென்றால் யாரைக் கூப்பிட்டுக் கண்டிப்பது என்று தெரியும். தெரியாத கயிறென்றால் புதிதாக ஏதோ கிளம்புகிறது.

அதைவிட உறுத்தியது அந்த மூன்று பேர். அர்ஷத் கடைவீதிப் பையன். அப்பா அப்துல் நாசர் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். ராக்கன் காலனி. அய்யப்பன் வடக்குத் தெரு. வடக்குத் தெருக்காரர்கள் காலனி வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். இந்த மூவருக்கும் பொதுவாக ஒரு கயிறு என்றால், பின்னால் இருந்து யாரோ ஆட்டிவைக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

மூன்றையும் வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தனித்தனியாக விசாரித்தேன்.

“யாருடா குடுத்தா?”

“யாரும் குடுக்கல சார். நாங்களாத்தான் கட்டுனோம்.”

“எதுக்கு?”

“சும்மா சார்.”

மூன்று பேரும் அதே ‘சும்மா’. பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்! செவ்வாய்க்கிழமை அவர்களை நோட்டம் விட்டேன். மணி அடித்ததும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் மாதிரி தனித்தனியே போனார்கள். ஆனால் மூவரும் நுழைந்தது ஒரே தைலமரக்காட்டுப் பாதையில். மறுநாள் அர்ஷத்தின் பையைப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு பொட்டலம் பருத்திக்கொட்டை. அதற்குள் எதையாவது ஒளித்திருக்கிறானா என்று கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

வியாழக்கிழமை ராக்கன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான்.

“சார், எங்களுக்கு என்ன தண்டன வேணாலும் குடுங்க. அய்யப்பன் வீட்டுக்கு மட்டும் சொல்லிறாதீங்க சார்.”

“ஏன்?”

அவன் குனிந்துகொண்டான். எனக்கு அது போதும். முதல் போனே அய்யப்பனின் அப்பா தங்கமுத்துவுக்குத்தான் போட்டேன்.

தலைமையாசிரியை பிரகதாம்பாள் நிதானமானவர். “இன்னுங் கொஞ்சம் விசாரிச்சுட்டுக் கூப்பிடலாமே சார்” என்றார்.

“போன வருஷமும் விசாரிச்சுக்கிட்டுத்தான் மேடம் இருந்தோம். மண்டை ஒடஞ்சுச்சு” என்றேன்.

வெள்ளிக்கிழமை அவர் அறையில் எல்லோரும் கூடினோம். தங்கமுத்து வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ராக்கனின் அம்மா செவந்தி உட்காரச் சொல்லியும் சுவரோரம் நின்றார். அப்துல் நாசர் கடைசியாக வேர்த்து விறுவிறுத்து வந்தார். பையன்கள் மூவரும் கதவருகே நின்றார்கள். நான் கயிறுகளை மேஜையில் வைத்தேன்.

நாசர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

“இதுக்கா சார் கடையப் பூட்டிட்டு வரச் சொன்னீங்க? இது மாட்டுக் கயிறு சார், எங்க கடையில வாங்குனது. ஜல்லிக்கட்டுல விடுறதுக்கு மூணு பேரும் சேந்து ஒரு காளை வளக்குறானுங்க. அதுக்குப் புதுசாக் கயிறு வாங்கி, மிச்சத்த ஆளுக்கொரு துண்டு கட்டிக்கிட்டானுங்க. அம்புட்டுதேன்.”

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்காது.

“எங்க வச்சு வளக்குறாங்க?” என்று நான்தான் கேட்டேன்.

அர்ஷத் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். நாசர் கவனிக்கவில்லை.

“நம்ம செவந்தியக்கா வீட்டுக் கொட்டாயிலதான். அய்யப்பந்தான் சார் அதுக்கு எல்லாம். தெனமும் சாயங்காலம் குளிப்பாட்டுறது அவந்தான். அவன் வரலைன்னா அது தண்ணி குடிக்காதாம்ல.”

நாசருக்கே அப்போதுதான் உறைத்தது. கயிற்றை மெதுவாக மேஜையில் வைத்தார். தங்கமுத்து மகன் பக்கம் திரும்பினார். குரல் ஏறவே இல்லை.

“டியூசன்னு சொல்லிட்டு அங்கிட்டுத்தான் போனியா?”

அய்யப்பன் தலையை ஆட்டினான்.

“வீட்டுக்கு வந்து பசிக்கல பசிக்கலன்னியே. அங்கதான் தின்னியா?”

“தம்பிக்கு நாங்க ஒண்ணுமே குடுக்கலைங்க” என்று செவந்தி பதறிக்கொண்டு முன்னால் வந்தார். “பச்சத்தண்ணிகூடக் குடுத்ததில்லைங்க. தம்பி கொட்டாயோடயே திரும்பிப் போயிருவாருங்க.”

அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பொய்யைக் கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய் நிற்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அய்யப்பன் நிற்கவிடவில்லை. “தின்னேம்ப்பா. தெனமும் தின்னேன்” என்றான்.

தங்கமுத்து அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தலைமையாசிரியையிடம் திரும்பி, “டீசி எழுதிருங்க மேடம். திருச்சியில தம்பி வீடு இருக்கு. அங்க சேத்துக்கறேன்” என்றார்.

பிரகதாம்பாள் நடு வருடம், படிப்பு கெட்டுப்போகும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். நானும் சொன்னேன். “கயிறு விசயம் முடிஞ்சுபோச்சுங்க. பையன் மேல ஒரு தப்பும் இல்லீங்க. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்.” என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவமானமாக இருந்தது. தங்கமுத்து நான் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுவிட்டு, விண்ணப்பம் எழுத ஒரு வெள்ளைத்தாள் கேட்டார்.

எழுதிக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தவர் என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“நீங்க மட்டும் கவனிக்கலைன்னா எங்க குடும்ப மானமே போயிருக்கும் சார். ஒங்கள மாதிரி வாத்தியார்தான் சார் ஒவ்வொரு ஸ்கூலுக்கும் வேணும்.”

அவர் தோளுக்குப் பின்னால் மூன்று பையன்களும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையை உருவிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அவர் முகத்துக்கு நேரே ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

“அது என் கடமைங்க” என்றேன்.