நடந்து போகும் கேக் கடை

என் தங்கையின் கேக் கடை இருந்த இடத்தில்தான் இருந்தது. மேப்பில் மட்டும் அது அவ்வப்போது எழுந்து பின் தெருவுக்கு நடந்து போய்விடும்.

போய் உட்காருகிற இடமும் மாறாது. லைன்மேன் வீட்டு வாசல். டெலிபோன் இலாகாவில் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர் அவர். சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும், ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் லைன்மேன்தான். எங்கள் கடையின் பின்சுவரும் அவர் வீட்டின் பின்சுவரும் முதுகோடு முதுகு ஒட்டியவை. சுவருக்கு இந்தப் பக்கம் ஓவன், அந்தப் பக்கம் அவர்கள் படுக்கையறை. ஆனால் அந்த வாசலிலிருந்து எங்கள் வாசலுக்கு வருவதற்குத் தெருக்கோடி வரை போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

அந்தச் சுற்றுகூடப் பெரிதில்லை. நடுவில் லைன்மேன் இருந்தார், அதுதான் பெரிது.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு கேட்டின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். டெலிவரிக்கு வருகிறவர் போனை நீட்டி, "சார், கேக் கடை இதுதானே?" என்று கேட்பதுதான் தாமதம். முதலில் போனைக் கையில் வாங்கிக்கொள்வார். புரட்டிப் பார்ப்பார். எந்தக் கம்பெனி என்று விசாரிப்பார். பிறகு தீர்ப்பு வரும். பின்னால் மூன்று கண் எதற்கு, ஒரு மூஞ்சியைப் படம் எடுக்க ஒரு கண் போதாதா என்பார். காதில் மாட்டுகிற கம்பியைக் கழற்றினான், சார்ஜரைக் கழற்றினான், விலையை மட்டும் ஏன் கழற்றவில்லை என்று, ஏதோ அந்த டெலிவரிக்காரர்தான் கம்பெனி முதலாளி என்பதுபோலக் கேட்பார். கடைசியில் ஒன்று சொல்வார். அதை நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"கூப்பிட்டா ஒரு மனுஷன் எடுத்துப் பேசணும். அதுதான் கம்பெனி. ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னா அது ஆர்மோனியம்."

இதற்குள் அங்கே ஓவனிலிருந்து இறங்கிய கேக்குக்காகக் காத்திருக்கிற வாடிக்கையாளர் ஆப்பில் எங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு முடித்திருப்பார்.

முதல் தடவை அது மேப்பின் தப்புதான். நாங்கள் எழுதிப் போட்டோம், சரியானது. கொஞ்ச நாளில் கடை மறுபடி நடந்து போனது. மறுபடி எழுதினோம், திரும்பி வந்தது. நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்ட நேரம் பார்த்து மறுபடி போனது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கலாம், ஓடுகிற கடையை என்ன செய்வது என்று என் தங்கை தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

டெலிவரி கம்பெனியில் சொல்லிப் பார்த்தோம். அங்கே பதில் போடுவது மனிதரில்லை, மிஷின். உங்கள் மனவருத்தம் எங்களுக்குப் புரிகிறது என்று அது எழுதியது.

"மனவருத்தம் புரியுதாம், அட்ரஸ்தான் புரியலையாம்" என்றாள் தங்கை.

அதே மிஷின் மறுவாரம் இன்னொன்றும் எழுதியது. டெலிவரி தாமதம் இப்படியே தொடர்ந்தால் மாதக் கடைசியில் எங்கள் கடையை ஆப்பிலிருந்து எடுத்துவிடுவார்களாம். இந்தத் தடவை மனவருத்தம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தங்கை அதை இரண்டு முறை படித்தாள். நேராக வந்து வாங்குகிறவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். மீதி எல்லாம் அந்த ஆப்தான்.

"ஆப்புலேருந்து எடுத்துட்டா அப்புறம் செய்யற கேக்கை நீயும் நானும்தான் சாப்பிடணும்க்கா."

"எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் ஓட்டைத் தகர டப்பாவில் கேக் செய்து என்னைத் தின்ன வைத்தவள் அவள். இந்தக் கடை அவளுக்குக் கடை மட்டுமில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டு போனை வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, மேப்பில் எங்கள் கடை என்று போட்டிருந்த பக்கத்தை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.

அதில் ஒரு படம் இருந்தது. கடையின் வாசல் இதுதான் என்று யாரோ புண்ணியவான் எடுத்துப் போட்டது. லைன்மேன் வீட்டு கேட்.

"இங்க வாடி. இந்தப் படத்துல என்ன தெரியுது?"

"அந்த மனுஷன் வீட்டு கேட்டு."

"கேட்டுல என்ன தெரியுது?"

"தாழ்ப்பாள்."

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கும்?"

அவள் கையிலிருந்த கிரீம் பை அப்படியே நின்றது. தெருவிலிருந்து எடுத்தால் தாழ்ப்பாள் எப்படித் தெரியும்? படம் எடுத்தவர் கேட்டுக்கு உள்ளே நின்றிருக்கிறார்.

லைன்மேனே செய்கிறார் என்றுதான் தங்கை நினைத்தாள். பேச ஆள் வேண்டும், அதற்காகத்தான் என்றாள். எனக்கு அது ஒட்டவில்லை. அந்த மனிதர் போனில் படம் எடுக்கிறவர் அல்ல. போனைக் கண்டாலே கேஸ் போடுகிறவர்.

மத்தியானம் நானே சுற்றிக்கொண்டு போனேன். லைன்மேன் கேட்டில் ஒரு டெலிவரிப் பெண்ணைப் பிடித்து வைத்திருந்தார். அந்தப் பெண் ஸ்கூட்டரை அணைக்காமலே நின்றிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அவர் பேச்சைத் தொடர்ந்தார். நான் சாத்தியிருந்த வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

வீட்டுக்குள் யாருமில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். படுக்கையறையில் துணி அலமாரியின் கதவு பாதி திறந்திருந்தது. அதற்குள் தொங்குகிற துணிகளுக்கு நடுவில் ஒரு போர்வை உட்கார்ந்திருந்தது. போர்வை பேசிக்கொண்டிருந்தது. மிகவும் அழகாக, நிறுத்தி நிதானமாக, ஒரு ராணி அரண்மனையை விட்டுப் போகிற கட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தது.

நான் இருமினேன். போர்வை விலகியது. லைன்மேன் வீட்டம்மா வேர்த்து விறுவிறுத்துப் போய், ஒரு கையில் போனும் மறு கையில் புத்தகமுமாக என்னைப் பார்த்தாள்.

"உக்காருங்கக்கா" என்றாள். அலமாரிக்குள் இருந்துகொண்டு சொன்னாள்.

பிறகு கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கதைகளைக் குரலில் படித்துக் கேட்கக் கொடுக்கிற ஓர் ஆப். மகள் சேர்த்துவிட்டாளாம். குரலைக் கேட்டு உடனே எடுத்துக்கொண்டார்களாம். ஆனால் பின்னால் சத்தம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். இரண்டு கதை அப்படித் திரும்பி வந்ததாம். காரணம் என்று போட்டிருந்தது, பின்னணியில் ஓர் ஆண் அரசாங்கத்தைத் திட்டுகிறார்.

"காலையில உங்க மிக்ஸர் சத்தம். மத்தியானம் இவர் சத்தம். நான் எப்பத்தான்க்கா படிக்கறது? உங்க கடைய மேப்புல தப்பா போட்டு ஆளுங்க வர ஆரம்பிச்ச பிறகுதான் இவர் கேட்டுக்குப் போனார். எனக்கு வாசல் கதவைச் சாத்திட்டா நிம்மதி. நீங்க சரி பண்ணினதும் மறுபடி உள்ள வந்துட்டார். அதான்..."

"அதான் கடையவே தூக்கிட்டு வந்துட்டீங்க."

"தப்புதான்."

"அவர்கிட்ட சொல்லிட்டா என்ன?"

"சொன்னா? குரலையே திருடிட்டுப் போறானுங்க, நாளைக்கு உன் குரல்ல மிஷின் பேசும்னு ஒரு மாசம் பேசுவார். அதையும் நான்தான் கேக்கணும்."

எங்கள் நிலைமையை நானும் சொன்னேன். மாதக் கடைசி என்றதும் அவள் முகம் விழுந்துவிட்டது. அங்கேயே போனை எடுத்து எங்கள் கடையை அதன் இடத்துக்குத் திருப்பி அனுப்பினாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "ஆனா மத்தியானத்துல இவரை எங்க அனுப்பறது?" என்றாள்.

கடையை வாங்கிக்கொண்டால் மனிதரையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அவரைக் கூப்பிடுவது கஷ்டமாக இல்லை. எங்கள் கடைக்கு போன் செய்கிறவர்களுக்கு பதில் சொல்ல ஆளில்லை, நாங்களும் மிஷின் வைக்கலாமா என்று யோசிக்கிறோம் என்றாள் தங்கை. லைன்மேனுக்கு வந்ததே கோபம். மறுநாளே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் கடைக்கு யார் கூப்பிட்டாலும் ஒரு மனுஷன் எடுத்துப் பேசினார். வேண்டிய அளவுக்கு மேலேயே பேசினார். கேக்கில் பெயர் தப்பாக இருக்கிறது என்று சண்டைக்கு வந்தவர், தன் போன் சூடாவது எதனால் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். பேச்சை முடித்தால் போதும் என்று இன்னொரு கேக் சொன்னவர்களும் உண்டு. டெலிவரிக்காரர்கள் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார்கள். மாதக் கடைசி வந்தது, போனது. ஆப்பில் நாங்கள் இருந்தோம்.

நாங்கள் ஒரே ஒரு தப்பு செய்தோம். அந்தம்மாவின் குரல் எப்படித்தான் இருக்கிறது என்று கேட்க ஆசைப்பட்டோம். கேட்க ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. லைன்மேன் வருவதற்குள் அணைத்துவிடுவோம். ஒரு நாள் அவர் சீக்கிரம் வந்துவிட்டார். தங்கையின் இரண்டு கையிலும் கிரீம். என் கையில் பெட்டி. ஸ்பீக்கரில் கதை ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் நாற்காலியைப் போட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"யாரும்மா படிக்கறது?"

"ஏதோ ஆப்" என்றாள் தங்கை, கேக்கைப் பார்த்துக்கொண்டு.

"நல்லா இருக்கே. இந்தக் கம்பெனிக்காரனுங்க பண்ணின ஒரே உருப்படியான காரியம்." இன்னும் கொஞ்சம் கேட்டார். "ஆனா இது மிஷின் குரல்."

"இல்ல சார், மனுஷக் குரல் மாதிரிதான் இருக்கு" என்றேன் நான். வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்க ஒண்ணு. மனுஷி எங்கயாவது இவ்வளவு பொறுமையா பேசுவாளா?"

தங்கை கிரீமைக் கேக்கின் விளிம்பைத் தாண்டி மேஜையில் பிழிந்துவிட்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

கதையில் ஒரு தச்சன். வேலையை விட்டுவிட்டுக் கொல்லையில் அடுத்தவனோடு வம்பளந்துகொண்டிருக்கிறான். அவன் பெண்டாட்டி கதவருகே வந்து கூப்பிடுகிறாள். ஒரு தரம் கூப்பிட்டாள், இரண்டு தரம் கூப்பிட்டாள். மூன்றாவது தரம் ஸ்பீக்கரிலிருந்து அந்தக் குரல் எகிறியது.

"எத்தனை தடவை கூப்பிடறது? காது இருக்கா இல்லையா?"

லைன்மேன் சட்டென்று எழுந்து நின்றார்.

"இதோ வந்துட்டேன்" என்றார்.

நின்றவர் நின்றபடியே இருந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். அதற்குள் கதையில் தச்சன் வீட்டுக்குள் போய்விட்டான், குரல் மறுபடி நிதானமாகிவிட்டது.

இவர் இப்போது வீட்டுக்குப் போய்க் கத்தினால் அந்தம்மா படிப்பதை நிறுத்துவாள். இவர் மறுபடி கேட்டுக்குப் போவார். எங்கள் கடையும் பின்னாலேயே போகும்.

"கொஞ்சம் பின்னாடி போடும்மா" என்றார்.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் தள்ளினாள். திட்டுகிற இடத்தை இன்னொரு முறை கேட்டார். இந்த முறை எழுந்திருக்கவில்லை, ஆனால் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பிறகு முதலிலிருந்து போடச் சொன்னார். போன் அடித்தது. எடுத்து, "கேக் கடை, அப்புறம் கூப்பிடுங்க, முக்கியமான வேலையில இருக்கேன்" என்று வைத்தார். அவர் ஒரு போனை இவ்வளவு சீக்கிரம் வைத்து நான் பார்த்ததில்லை.

கதை முடிந்ததும் கேட்டார்: "எத்தனை மணி வரைக்கும் படிப்பா?"

"நாலு" என்றேன்.

"அப்போ நாலரைக்குப் போறேன். பாதியில போய்க் கதவைத் தட்டினா கெட்டுடும்." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்ல வேண்டாம். தெரிஞ்சா கூச்சத்துல குரல் மாறிடும்" என்றார்.

"குரலைத் திருடிடுவானுங்களே சார்" என்றாள் தங்கை, குறும்பாக.

"எடுத்துட்டுப் போகட்டும். அந்தத் திட்டு மிஷினுக்கு வராது."

போகும்போது, கதைக்குக் கீழே கருத்து எழுத வேண்டுமென்றால் எங்கே அமுக்க வேண்டும் என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். போனைத் தூர வைத்துப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி எழுதினார்.

இரண்டு நாள் போயிருக்கும். லைன்மேன் வீட்டம்மா தெருவைச் சுற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் காலையிலேயே கடைக்கு வந்தாள். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"படிங்கக்கா. முகம் தெரியாத மனுஷர் எழுதியிருக்கார்."

படித்தேன். இது மிஷின் அல்ல, நான் உத்தரவாதம். திட்டுகிற இடம் அசல். அடுத்த கதையிலும் திட்டு இருந்தால் நல்லது. ஐந்து நட்சத்திரம்.

"யாரா இருக்கும்?" என்றாள் அவள், முகமெல்லாம் பல்லாக.

தங்கை ஓவனுக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

"யாருன்னு தெரியலை" என்றேன். "ஆனா கல்யாணம் ஆனவரா இருக்கணும்."