மூன்றாம் எண் லிஃப்ட்

"தள்ளி நில்லுங்க! தெப்பி, தெப்பி!" என்று தமிழிலும் மலாயிலும் கத்திக்கொண்டே புஷ்பவள்ளி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கால் பக்கம் ஷாருல் இழுத்தான். நர்ஸ் ஷஹீரா பக்கவாட்டில் ஓடியபடி மூச்சு கொடுக்கும் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே வந்தாள். வராந்தாவில் நின்ற கூட்டம் இரண்டாகப் பிளந்தது.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தது புஷ்பவள்ளியின் தங்கை தனுஜா.

எமர்ஜென்சியில் அவளைப் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. முகத்தின் இடது பாதி உள்வாங்கிக் கிடந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் நீலச் சட்டையில் தொங்கிய அட்டையைப் படித்த பிறகுதான் புஷ்பவள்ளிக்கு யாரென்று தெரிந்தது. ஆனாலும் கைப்பிடியை விடவில்லை.

"அக்கா, நீங்க விட்டுருங்க. வேற ஆளக் கூப்பிடறேன்," என்றான் ஷாருல். லிட்டில் இந்தியாவில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். பத்து வருடமாக அவளுக்குக் கீழே வேலை செய்கிறான்.

"வேற ஆள் வர்ற வரைக்கும் இவ இருப்பாளா? இழு லா!"

அந்த மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் பதினான்கு அட்டெண்டன்களுக்கு அவள்தான் தலைமை. இருபத்திரண்டு வருட வேலை. எந்தச் சக்கரம் எங்கே இடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உள்ளேயிருந்து நான்கு கைகள் ஸ்ட்ரெச்சரை வாங்கிக்கொண்டன. கதவு மூடியது. அவள் கையுறை முழுக்க ரத்தம்.

நடந்ததை ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னார். தனுஜா இரவு ஷிஃப்ட் முடிந்து, காலை ஏழே முக்காலுக்கு ஜெலுத்தோங் அடுக்குமாடி வாசலில் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறாள். அங்கே நின்ற ஒரு காருக்குப் பின்னால் அவள் புருஷன் குணாளன் டயர் கழற்றும் ஸ்பேனரோடு நின்றிருக்கிறான். பஸ் டிரைவரோடு அவளுக்கு என்ன சிரிப்பு என்று கேட்டானாம். அவள் பதில் சொல்வதற்குள் அடித்துவிட்டான். விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. மொத்தம் ஆறு அடி. மேல்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எண்ணியிருக்கிறாள். பிறகு பஸ்ஸில் இருந்தவர்களும் அடுக்குமாடிக்காரர்களும் அவனை விரட்டிப் பிடித்து, ஹெல்மெட்டாலும் காலாலும் போட்டு மிதித்திருக்கிறார்கள்.

முக்கால் மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். அவர் முகமூடியைக் கழற்றும் விதத்திலேயே புஷ்பவள்ளிக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ குடும்பங்களுக்கு முன்னால் அவர் அப்படிக் கழற்றியதை அவள் ஓரமாக நின்று பார்த்திருக்கிறாள். அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். "ஓகே டாக்டர்," என்றாள்.

அப்போதுதான் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. எமர்ஜென்சி இரண்டாம் படுக்கை, சிடி ஸ்கேனுக்குப் போகணும், போலீஸ் கேஸ், ஆள் அனுப்புங்க.

யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. வழக்கமாக வேலையைப் பிரித்துக் கொடுப்பவள் அவள்தான். பொத்தானை அமுக்கினாள்.

"நானே வர்றேன்."

ஷாருல் பின்னாலேயே ஓடிவந்தான். "அக்கா, சொன்னாக் கேளுங்க. நான் தனியா இழுத்துட்டுப் போறேன்."

"கால் பக்கம் புடி."

"அக்கா..."

"புடின்னா புடி!"

குணாளனின் தலையில் கட்டு. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. இடது மணிக்கட்டை விலங்கு போட்டு ஸ்ட்ரெச்சர் கம்பியோடு பூட்டியிருந்தார்கள். சின்ன வயது மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் கூடவே நடந்தார். மூன்றாம் எண் லிஃப்டுக்குள் போய்க் கதவு மூடிய பிறகுதான் குணாளன் தலைமாட்டில் நின்றவளைப் பார்த்தான்.

"அக்கா," என்றான். உதடு கிழிந்திருந்ததால் சொல் குழறியது. "அக்கா, தனு எப்படி இருக்கா?"

அவள் லிஃப்டின் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேணும்னு செய்யலக்கா. அவகிட்ட சொல்லுங்க. உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. நீங்க சொன்னா அவ கேப்பா."

இரண்டு மாதத்துக்கு முன்னால் தனுஜா ஒரு பையோடு ஆயர் ஈத்தாமில் உள்ள அக்கா வீட்டுக்கு வந்தாள். முதுகில் பெல்ட் தடம். நான்கு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் குணாளன் வந்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். புஷ்பவள்ளியின் காலைத் தொட்டு, இனிமேல் கை வைக்க மாட்டேன் என்றான். அவள் நம்பினாள். அந்தச் சின்ன வீட்டில் இன்னொரு பாயை விரிக்க இடமில்லாமல் இருந்ததும், காலை ஷிஃப்டுக்கு முன்னால் தூங்க முடியாமல் போனதும் அந்த நம்பிக்கையில் கலந்திருந்தது. அன்று சாயங்காலமே தங்கையைக் கூட்டிக்கொண்டு போய் ஜெலுத்தோங்கில் விட்டாள். "கொஞ்சம் பொறுத்துப் போ" என்று சொல்லிவிட்டு வந்தாள். தனுஜா பையை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

லிஃப்ட் கதவு திறந்தது. குணாளன் வலது கையால் பக்கக் கம்பியை இறுகப் பிடித்திருந்தான். நான்கு விரலும் கம்பிக்கு வெளியே இருந்தன. ஸ்ட்ரெச்சரில் ஏறும் எந்த நோயாளியிடமும் அவள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: கையை உள்ளே வைங்க. புதிதாகச் சேரும் அட்டெண்டனுக்கு முதல் நாள் சொல்லித் தருவதும் அதுதான்.

அவள் அதைச் சொல்லவில்லை. ஷாருல் வெளியே கால் வைத்து இழுக்கத் தொடங்கியதும், உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்து ஸ்ட்ரெச்சரைப் பக்கவாட்டில் தள்ளினாள். இரும்புக் கம்பி லிஃப்டின் எஃகு விளிம்பில் மோதியது. விரல்கள் நொறுங்கிய சத்தம் தெளிவாகக் கேட்டது. குணாளன் அலறினான். அவள் பின்னால் இழுத்து மறுபடியும் மோதினாள். அவன் கையை உருவப் பார்த்தான். முடியவில்லை. மூன்றாவது முறை மோதினாள்.

"அக்கா! அக்கா!"

குணாளன் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் கைப்பிடியை விட்டாள். முஷ்டியால் அவன் முகத்தில் குத்தினாள். கட்டின் மேல் குத்தினாள். வெள்ளைத் துணியில் சிவப்பு ஊறிப் பரவியது. "செத்துட்டாடா! அவ செத்துட்டா!" மூக்கில் குத்தினாள், வாயில் குத்தினாள். அவன் பல் பட்டு அவள் கை கிழிந்தது. எத்தனை குத்து என்று அவள் எண்ணவில்லை. போலீஸ்காரர் அவள் தோளைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. கடைசியில் ஷாருல் ஸ்ட்ரெச்சரைத் தாண்டி வந்து, பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துத் தூக்கினான். அவள் கால் காற்றில் உதைத்தது.

"போதும் அக்கா. போதும். உங்க கை உடைஞ்சிரும்."

குணாளன் இருமினான். பிறகு சின்னப் பிள்ளையைப் போல அழ ஆரம்பித்தான். கை நொறுங்கியதற்கா, தனுஜா செத்ததற்கா என்று தெரியவில்லை. அவனைக் கொன்றிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கொன்றிருந்தாலும் தனக்கு இப்படித்தான் இருக்கும் என்றும் தோன்றியது.

பத்தரை மணிக்கு மேலாளர் அறையில் போலீஸ் சார்ஜன்ட் ஒருவர் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். மலாயில்தான் பேசினார். லிஃப்டில் என்ன நடந்தது என்று கேட்டார். முந்திக்கொண்டு பதில் சொன்னது ஷாருல்.

"சக்கரம் மாட்டிக்கிச்சு டுவான். பழைய ஸ்ட்ரெச்சர். பிரேக் சரியில்ல."

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் புஷ்பவள்ளி. "நான்தான் இடிச்சேன். குத்துனதும் நான்தான்."

சார்ஜன்ட் பேனாவைக் கீழே வைத்தார். "காக்," என்று மலாயில் அக்கா முறை வைத்து அழைத்தார். "யோசிச்சுப் பேசுங்க. வேலை போயிரும். கேஸ் வரும்."

"எழுதிக்குங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னால அவளைத் திருப்பி அந்த வீட்டுல கொண்டுபோய் விட்டதும் நான்தான். அதையும் எழுதுங்க."

சார்ஜன்ட் பேனாவை மறுபடி எடுத்தார். "அது இதுல வராது, காக்," என்றார்.

அவள் வாக்கிடாக்கியையும் பெயர் அட்டையையும் மேலாளரின் மேசை மேல் வைத்தாள். யாரும் அவற்றைத் தொடவில்லை.

பிணவறைக்கு ஷாருல் கூடவே வந்தான். குடும்பத்தார் என்பதால் பார்க்க விட்டார்கள். ஷஹீரா அங்கே படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். தனுஜாவைக் கழுத்து வரை மூடியிருந்தார்கள். காதுமடலின் வளைவில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. சின்னக் கல் தோடு அதில் புதைந்து தெரியவில்லை.

புஷ்பவள்ளி அறையின் மூலையிலிருந்த குழாயில் ஒரு துண்டை நனைத்துக்கொண்டு வந்தாள். கையில் கட்டுப் போட்டிருந்ததால் சரியாகப் பிழிய முடியவில்லை.

"காக், தொடக்கூடாது," என்றாள் ஷஹீரா மெதுவாக. "போஸ்ட்மார்ட்டம் ஆகல. போலீஸ் கேஸ். எதையும் துடைக்கக்கூடாது."

"காது மட்டும்."

"முடியாது, காக்."

அது அவளுக்கும் தெரியும். துண்டை நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. தண்ணீர் சிமெண்டுத் தரையில் சொட்டியது. ஷாருல் சுவரோரம் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, சத்தம் கேட்காமல் துண்டுக்குக் கீழே வைத்தான்.