பின்சுவர்

அந்தத் தெருவில் எல்லோரும் அவளைப் 'புகார் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவுக்கு அடியில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிய நிறுவனம், கடைக்காரர்களின் குறைகளைக் கேட்டு எழுதிவர அவளை வைத்திருந்தது. கடைக்காரர்களுக்கு அவள் நிறுவனத்து ஆள். நிறுவனத்துக்கோ கடைக்காரர்களின் ஆள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

சலவைக்கடைக்காரர் மட்டும் புகாரே சொன்னதில்லை. கீழே கடை, மாடியில் வீடு. இடுப்புக்குக் கீழே அசைவில்லாத மனைவி நான்கு வருடமாக மாடியை விட்டு இறங்கவில்லை. முன்சுவரில் மயிரிழையாய் விரிசல் கண்டபோது, அது விரிகிறதா என்று அளக்க, பொறியாளர் அதன் குறுக்கே கோடு போட்ட பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஒட்டினார். வாரம் இருமுறை அவள் அதைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு, "எல்லாம் வரம்புக்குள்ளதான் இருக்கு, பயப்படாதீங்க" என்பாள். பொறியாளர் சொல்லிக்கொடுத்த வாக்கியம். சொல்லிச் சொல்லி அவளுக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் அவளை வழிமறித்தார்.

"குளியலறைக் கதவு மூட மாட்டேங்குதும்மா. நேத்துவரைக்கும் நல்லாத்தான் மூடிச்சு."

மாடிக்குப் போய்ப் பார்த்தாள். கதவுநிலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. தரைக்கும் பின்சுவருக்கும் நடுவே அவள் சுண்டுவிரல் நுழைந்தது. அங்கேயே நின்று பொறியாளருக்குப் போன் போட்டாள்.

"பட்டை என்ன காட்டுது?" என்றார் அவர்.

"பழையபடிதான் சார். ஆனா அது முன்சுவர்ல இருக்கு. நகர்றது பின்சுவர்."

"நாளைக்குக் காலையில ஆள் அனுப்பறேன். அதுவரைக்கும் யாரையும் கலவரப்படுத்தாதீங்க."

"தோண்டற மெஷின் இன்னைக்கு மத்தியானம் இதுக்கு அடியில வருதே சார்."

"நீங்க பொறியாளர் இல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவள் சலவைக்கடைக்காரரிடம் திரும்பினாள். "ஐயா, அம்மாவ உடனே கீழ இறக்கிடலாம்."

"போன வாரம் பயப்படாதீங்கன்னீங்க. இப்ப ஓடுங்கறீங்க. எதம்மா நான் நம்பறது?"

"போன வாரம் நான் சொன்னது தப்புங்கய்யா."

அவர் நகரவில்லை. கட்டிலிலிருந்து மனைவிதான் சொன்னாள்: "தப்புன்னு அந்தப் பொண்ணே ஒத்துக்குதே. என்னைத் தூக்குங்க."

தெருவை அடைத்த தகரத் தடுப்புக்குள் வேலை செய்த இரண்டு வெல்டர்களை அவள் கூட்டிவந்தாள். அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கிப் படிப்படியாக இறக்கினார்கள். வாசலில் வைத்ததும் அந்த அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மரங்கள் இல்லை. எதிர்வரிசைக் கடைகள் தெரியவில்லை. இருபுறமும் தகரம்.

"இது நம்ம தெருவா?" என்றாள்.

மத்தியானம் மெஷின் அடியில் ஊர்ந்து போனது. கட்டடம் அப்படியே நின்றது. ஒரு செங்கல்கூட விழவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். "புகார் அக்கா ஜோசியமும் பார்க்குது போல" என்றார் சாவிக்கடைக்காரர். சாயங்காலம், அதிகாரம் மீறி நடந்ததற்கு விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

பொறியாளர் சொன்னதற்கு ஒரு நாள் தள்ளி, வியாழக்கிழமைதான் நிறுவனத்தின் அளவெடுப்பவர்கள் வந்து பின்பக்கம் தோண்டிப் பார்த்தார்கள். அஸ்திவாரத்தின் அடிமண் இறங்கிப்போயிருந்தது. அடுத்த மழை வரைகூடத் தாங்காது, இடித்தாக வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார்கள். சாவிக்கடைக்காரர் அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. விளக்கம் கேட்ட கடிதத்தை மட்டும் யாரும் திரும்ப வாங்கவில்லை.

சலவைக்கடைக்காரருக்கு நாலு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஓர் அறை பிடித்துக்கொடுத்தாள். பழைய வாடிக்கையாளர்களுக்கு வழி தெரிய, தகரத்தில் அம்புக்குறி போட்ட பலகை மாட்டினாள். பாதிப்பேர்கூட அங்கே தேடிப் போகவில்லை. உயிரைக் காப்பாற்றினாள் என்று தெருவே சொன்னது, அவர் சொல்லவில்லை. அவள் கூப்பிட்டால் போனை எடுப்பதுமில்லை.

மனைவிதான் எடுப்பாள்.

"பக்கத்துலதான் இருக்காரும்மா. பேச மாட்டாராம். நீ சொல்லு."

அவள் இஸ்திரிப் பெட்டிக்குக் கரண்ட் சரியாக வருகிறதா என்று கேட்டாள்.