நடுவர் நாற்காலியில் அண்ணன்

லவினியா ஹாடோவுக்குத் தன் அண்ணனைக் கண்டாலே ஆகாது. அண்ணன் கிறிஸ்பின், ஹால்மவுத் ஊரின் பாதிரியார். ஞாயிற்றுக்கிழமை மேடையேறி அன்பைப் பற்றி முக்கால் மணி நேரம் உருகுவான். இறங்கியதும் அந்த அன்பை அங்கியோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வருவான். அப்பா இறந்தபோது சொத்து முழுவதும் அவன் கைக்குப் போனது. முப்பது தாண்டியும் கல்யாணமாகாத லவினியாவும் அந்தச் சொத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பழைய நாற்காலி மாதிரி அவன் வீட்டு மாடி அறையில் கிடந்தாள்.

அந்த அறை இப்போது அண்ணி ப்ளான்ச்சின் அம்மாவுக்கு வேண்டியிருந்தது. வசந்த காலத்தில் ஒரு நாள், ஊர்ப் பெரிய மனிதர்கள் தேநீருக்கு வந்திருந்தபோது, கிறிஸ்பின் பேச்சை எடுத்தான். ஹாரகேட்டில் இருக்கும் அத்தைக்குத் துணைக்கு ஆள் வேண்டுமாம். அத்தைக்குக் கால் வராது, நாக்கு நன்றாக வரும். துணைக்குப் போன பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக அழுதுகொண்டே ஓடியிருந்தார்கள்.

"அப்ப நம்ம ஊர் டென்னிஸ் போட்டி?" என்று கேட்டாள் கர்னலின் மனைவி மிசஸ் பாஸ்கோ. "ரெண்டு வருஷமா கோப்பை இவகிட்டதானே இருக்கு? இந்த ஆகஸ்ட்லயும் ஜெயிச்சா அவளுக்கே சொந்தமாயிடுமே."

கிறிஸ்பின் கேக்கைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "ஜெயிக்கட்டும், நான் வேணாங்கல. ஜெயிச்சுட்டான்னா கோப்பையும் அவளுக்கு, மாடி ரூமும் அவளுக்கு. ஆயுசுக்கும் இங்கயே இருக்கட்டும். தோத்தா ஹாரகேட்."

எல்லோரும் சிரித்தார்கள். லவினியா மட்டும் சிரிக்கவில்லை. தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல? பாதிரியார் வாக்கு குடுத்திருக்கார்."

விளையாட்டாகச் சொன்னது வினையாகிவிட்டதே என்று கிறிஸ்பினின் முகம் போன போக்கை அவள் அன்று ஆசை தீரப் பார்த்தாள். ஆனால் அவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. போட்டிக் கமிட்டியின் செயலாளரும் அவன்தான்.

ஹால்மவுத்தில் ஒரு வழக்கம் உண்டு. போன வருஷம் ஜெயித்தவர் போட்டி நடக்கும் வாரம் முழுக்க ஆட வேண்டியதில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூடாரத்தில் உட்கார்ந்திருக்கலாம். மற்றவர்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு ஆட, கடைசியில் மிஞ்சுகிற ஒருத்தி மட்டும் சனிக்கிழமை அவரோடு மோதுவாள். ஜூலையில் கிறிஸ்பின் கமிட்டியைக் கூட்டி அதை ரத்து செய்தான். கோப்பை வைத்திருப்பவரும் திங்கட்கிழமையிலிருந்தே ஆட வேண்டும்.

"நியாயம்னு ஒண்ணு இருக்கு லவினியா," என்றான் வீட்டுக்கு வந்து.

"அந்த நியாயம் போன வருஷம் எங்க போயிருந்துது? கடல்ல குளிக்கவா?"

"கத்தாத. வேலைக்காரிக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். சமையலறைல ஒருத்தியாவது உன்னைப் புரிஞ்சுக்கட்டும்."

அது மட்டுமா? லண்டன் பக்கத்திலிருந்து எஃபி டாரன்ட் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை அவனே எழுதி வரவழைத்தான். அங்கே ஆண்களையே ஓட ஓட விரட்டுகிறவளாம். அவளைத் தன் வீட்டிலேயே, அதுவும் லவினியாவின் மாடி அறையிலேயே தங்கவைத்தான். லவினியாவுக்குப் பெட்டிகள் அடுக்கும் இருட்டறை கிடைத்தது. முதல் நாள் படிக்கட்டில் எதிர்ப்பட்ட எஃபி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க இன்னும் கிளம்பலையா? மூட்டை கட்டியாச்சுன்னு மிஸ்டர் ஹாடோ சொன்னாரே."

"உன்னை அனுப்பிட்டுக் கட்டிக்கலாம்னு இருக்கேன்."

"நான் யார் மேலயும் இரக்கப்பட்டு ஆட மாட்டேன், மிஸ் ஹாடோ. முன்னாடியே சொல்லிடறேன்."

"இரக்கம் உன்கிட்ட யார் கேட்டா? முதல்ல என் தலகாணிய விட்டுக் குடு."

போட்டி தொடங்கிய திங்கட்கிழமை லவினியா ஒரு பல் வைத்தியரின் மனைவியிடம் தோற்றுத் தொலைய இருந்தாள். கை கட்டைபோல இருந்தது. இடுப்புக் கச்சு மூச்சைப் பிடித்தது. பாவாடையின் ஓரம் ஈரப் புல்லில் நனைந்து காலைச் சுற்றியது. கூடாரத்து நிழலில் கிறிஸ்பின் லெமனேட் குடித்துக்கொண்டு புன்னகைத்தான். அந்தப் புன்னகையைப் பார்த்த கோபத்தில்தான் அவள் அன்று தப்பித்தாள்.

கிறிஸ்பின் செய்த தப்பு இதுதான்: உட்கார்ந்திருப்பது சலுகை என்று அவன் நினைத்திருந்தான். வாரம் முழுக்கத் தொப்பியும் கையுறையுமாக உட்கார்ந்துவிட்டுத் திடீரென்று எழுந்து ஆடினால் கை கால் என்ன பாடுபடும் என்று கமிட்டியில் ஒருவருக்கும் தெரியாது. அவர்களில் யார் எதை ஜெயித்தார்கள், தெரிவதற்கு? போன வருஷம் லவினியா அப்படித்தான் மரக்கட்டை மாதிரி இறங்கி, நூலிழையில்தான் பிழைத்திருந்தாள். இந்த முறை நாளுக்கு நாள் கை இளகியது. தேநீர் வேளையில் கடற்காற்று எந்தப் பக்கம் திரும்பும், சரிவான மூலையில் பந்து எப்படிச் சறுக்கும் என்பதெல்லாம் அத்துப்படியானது. வெள்ளிக்கிழமை எதிரே நின்ற பெண்ணை அவள் மூச்சுவிட விடவில்லை.

சனிக்கிழமை காலை உணவு மேசையில் கிறிஸ்பின் முட்டையை உடைத்தபடி கேட்டான். "காலெல்லாம் வலிக்குமே?"

"இல்லியே. ஒரு வாரமா ஓடி ஓடி நல்லா பழகிடுச்சு. எல்லாம் நீ செஞ்ச புண்ணியம்."

அவன் முட்டையை அப்படியே வைத்துவிட்டான்.

மதியம் வழக்கமான நடுவர் மேஜருக்குக் கால் வீங்கிவிட்டது என்று சேதி வந்தது. உயரமான நடுவர் நாற்காலியில் கிறிஸ்பினே ஏறி உட்கார்ந்தான். லவினியா அந்த நாற்காலியை நோக்கி ஓர் அடி வைத்தாள். ஆனால் என்ன சொல்வது? பாதிரியார் பொய் சொல்லுவார் என்று ஊர் முன்னால் எப்படிச் சொல்வது?

எஃபி நிஜமாகவே நன்றாக ஆடினாள். அதை ஒப்புக்கொள்ள லவினியாவுக்கு வாய் கசந்தது. முதல் செட் எஃபிக்கு. இரண்டாவதை லவினியா பிடுங்கிக்கொண்டாள். வலைக்கருகே கடக்கும்போதெல்லாம் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாவது செட்டில் லவினியா ஐந்து, எஃபி நான்கு. லவினியாவின் சர்வீஸ். நாற்பது-பதினைந்து. இன்னும் ஒரே ஒரு புள்ளி. ஹாரகேட் அவளை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

நாலைந்து அடிகளுக்குப் பிறகு அவள் பந்தைப் பக்கவாட்டுக் கோட்டை நோக்கி விளாசினாள். நடுவர் நாற்காலிக்கு நேர் கீழே பந்து கோட்டின்மேல் விழுந்தது. சுண்ணாம்புத் தூள் எழும்பியது. எஃபி அதை எட்டக்கூட முயலவில்லை, நின்றுவிட்டாள். கைதட்டல் ஆரம்பமானது.

"வெளியே!" என்றான் கிறிஸ்பின். "நாற்பது-முப்பது."

கைதட்டல் பாதியில் நின்றது.

"சுண்ணாம்பு பறந்துச்சே," என்றாள் லவினியா. "உன் காலடியில!"

"நடுவரோட வாதாடறது பெண்களுக்கு அழகில்ல, மிஸ் ஹாடோ. ஆடுங்க."

அவள் மட்டையை அவன் தலைமேல் எறிந்திருப்பாள். எறிந்தால் அதோடு ஆட்டம் போச்சு என்று அவனுக்கும் தெரியும். அதற்காகத்தான் காத்திருந்தான். கண்ணில் முட்டிய நீரோடு அவள் கோட்டுக்குத் திரும்பினாள். தாழக் கைவீசிப் போட்ட சர்வீஸ் உயிரில்லாமல் வலையைத் தாண்டி, எஃபிக்கு முன்னால் குழந்தைக்குப் போட்டதுபோல எழும்பியது. முடிந்தது என்று லவினியா நினைத்தாள்.

இந்த ஆட்டக்காரர்களிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நடுவர் தப்பாகத் தந்த புள்ளி தன்னுடையது இல்லை என்று தெரிந்தால், வாய் திறக்கக் கூடாது. அது நடுவரை அவமதிப்பது. அடுத்த பந்தைப் பேசாமல் வீணடித்துவிட வேண்டும். கண் மங்கிய கிழ நடுவர்களுக்காக ஏற்பட்ட மரியாதை அது. பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும்.

எஃபி அவசரமில்லாமல் பந்தருகே வந்தாள். ஒரு நொடி கிறிஸ்பினை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பந்தை மெல்லத் தட்டி வலையின் அடியில் உருட்டிவிட்டாள்.

கடற்கரை மேடையில் பேண்டு வாசிப்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. மிசஸ் பாஸ்கோ தன் நாற்காலியை நடுவருக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கிறிஸ்பினின் காது மடல்வரை சிவந்தது. கண் மங்காத, கிழவனும் அல்லாத ஒரு பாதிரியாருக்கு ஊர் கூடிய இடத்தில் அந்த மரியாதை நடந்துவிட்டது.

வலையருகே எஃபி கையை நீட்டினாள். அதில் நட்பு கொஞ்சமும் இல்லை.

"உங்களுக்காக இல்ல. திருட்டுக் கோப்பைய வீட்டுக்குக் கொண்டுபோனா எங்கப்பா என்னை உள்ள விடமாட்டார்."

"எனக்காகன்னு நானும் நினைக்கல," என்றாள் லவினியா. ஆனாலும் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

நடுவர் அறிவிக்கும்வரை ஆட்டம் முடியாது. கிறிஸ்பின் வாயைத் திறக்கவில்லை. லவினியா நாற்காலியின் கீழே போய் நின்றாள்.

"சொல்லுங்க நடுவரே."

அவன் ஏதோ முணுமுணுத்தான்.

"பின்வரிசைக்குக் கேக்கல. ஞாயித்துக்கிழமை வர்ற குரல் எங்க போச்சு?"

"ஆட்டம், செட், வெற்றி," என்று அவன் கரகரத்தான். "மிஸ் ஹாடோ."

அதற்கும் யாரும் உடனே கைதட்டவில்லை. எல்லோரும் அவன் எப்படி இறங்கப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் இறங்கவில்லை. இறங்கினால் அந்தக் கூட்டத்துக்கு நடுவேதான் நடந்து போக வேண்டும். லவினியா வேர்த்து வழியும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இறங்குண்ணா. வீட்டுக்குப் போலாம். இனிமே தினமும் உனக்கு எதிர்லதான் உக்காந்து சாப்பிடப் போறேன்."